அஞ்சலிக் குறிப்பின் கடைசி வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முன்னாள் ராணுவத்தினருக்குத் தங்கள் இதழில் வரும் அஞ்சலிக் குறிப்புகளை விடாமல் படிக்கிறவள் நான். பதவி, படைப்பிரிவு, பங்கேற்ற போர், பெற்ற பதக்கம் எல்லாம் இருக்கும். 'அன்பான கணவர், பாசமிகு தந்தை' என்று குறிப்பு முடியும். அந்தக் கடைசி வரிக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

அண்மையில் காலமான என் அப்பா ராணுவத்தில் தகவல் தொடர்பைக் கவனிக்கும் சிக்னல் பிரிவில் இருந்தவர். எல்லைப் பணியிலிருந்து அவர் எழுதிய கடிதங்களில் ஊர்ப்பெயர் இருக்காது. ராணுவத் தபால் எண் மட்டும்தான். மூலையில் வரிசை எண் போட்டிருப்பார். சில சமயம் இரண்டு கடிதங்கள் ஒன்றாக வந்து சேரும், முன்னால் எழுதியது பின்னால் வரும். எதை முதலில் பிரிப்பது என்று அம்மா தடுமாறக் கூடாதே! அம்மாவும் அப்படியே எண் போட்டுப் பதில் எழுதுவார். என் கணக்குத் தாளையும் அதனுடன் வைத்து அனுப்புவோம். அப்பா திருத்தித் திருப்பி அனுப்புவார். ஒரு முறை விடை சரியாக இருந்தும் அதைச் சுற்றி வட்டம் போட்டு, 'வழிமுறை எங்கே?' என்று பென்சிலால் எழுதியிருந்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கங்கள் அவரை விடவில்லை. அம்மா பக்கவாதத்தில் படுத்த பிறகு, சிக்னல் அறையில் எழுதிய பணிக்குறிப்பேடு மாதிரியே ஒரு நோட்டுப் போட்டார். எந்த நேரத்தில் எந்த மாத்திரை, எப்போது புரட்டிப் படுக்க வைத்தது, ராத்திரி எத்தனை மணிக்குத் தண்ணீர் கேட்டார் என எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே கையெழுத்து. நாங்கள் பார்த்துக்கொள்ளும் நாளில் நாங்களும் கையெழுத்துப் போட வேண்டும். மருத்துவரே அந்த நோட்டை வாங்கிப் பார்த்துத்தான் மருந்தை மாற்றுவார். அவரைப் படைவீரர் தனி, குடும்பத்தலைவர் தனி என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இதெல்லாம் எந்த அரசு ஆவணத்திலும் வராது. ஆவணங்களும் நிலைத்துவிடுவதில்லை. 1940 செப்டம்பரில் லண்டன் மீது விழுந்த குண்டுகளில், முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்களின் பணிப்பதிவுகளில் பாதிக்கும் மேல் எரிந்துபோயின. 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் அருகே இருந்த ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகம் தீப்பிடித்தது. 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் அழிந்தன. அவற்றுக்கு நகலும் இல்லை, சிறிதாகப் படமெடுத்து வைக்கும் மைக்ரோஃபிலிமும் இல்லை. கோப்பை இழந்த முன்னாள் வீரர்கள், தாங்கள் பணியாற்றியதை நிரூபிக்க வீட்டில் கிடந்த பழைய தாள்களைத் தேட வேண்டியதாயிற்று.

அதே அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு முதல் நாடாளுமன்ற நூலகம் முன்னாள் வீரர்களின் நினைவுகளை அவர்கள் குரலிலேயே பதிவுசெய்து வருகிறது. பேட்டி அரை மணி நேரமாவது இருக்க வேண்டும் என்பது விதி. கடிதங்கள், புகைப்படங்கள், நாட்குறிப்புகளையும் வாங்கிக்கொள்கிறார்கள். போர்ப்பணியில் உயிரிழந்தவர்களின் குடும்பத்தார் பேசவும் 2016இல் சட்டம் வழிசெய்தது. வீட்டில் இருப்பவர்கள் சொல்வதும் ராணுவ வரலாறுதான் என்று ஒரு நாடு சட்டம் போட்டே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அஞ்சலிக்கு விவரம் கேட்கும்போது பதவி, பதக்கத்தோடு வீட்டாரிடம் இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். பணியில் இருந்தபோது வீட்டுக்கு என்ன எழுதினார்? திரும்பி வந்த பிறகு நாளை எப்படிக் கழித்தார்? பதிலாக வருவதில் நாலு வரியாவது அச்சில் வரட்டும். பக்கம் போதாது என்றால், புகைப்படத்தைச் சற்றுச் சிறிதாக்கினாலும் எங்களைப் போன்ற குடும்பங்கள் வருத்தப்பட மாட்டோம்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் ஒருவரின் மகள்