வேற ஸ்கூல்ல இருந்து வந்து சேர்ற பிள்ளைங்க பத்தி பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்தப் பருவம் நல்லபடியா முடிஞ்சுது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி ரெண்டுலயும் பசங்க அசத்திட்டாங்க, ரிசல்ட்டும் திருப்தியா இருக்கு, எல்லாருக்கும் வாழ்த்துகள்.

இப்ப மனசுல கிடக்குற விஷயத்துக்கு வர்றேன். போன வாரம் இன்டர்வெல்ல ஆறாம் வகுப்புப் பையன் ஒருத்தன் என் ரூம் வாசல்ல வந்து நின்னு, "சார், புதுசா வந்திருக்குற அண்ணன் கத்தி வெச்சிருக்காராமே, நெஜமா?"ன்னு கேட்டான். இல்லப்பான்னு சொல்லி அனுப்பிட்டேன், ஆனா அவன் கண்ணுல இருந்த பயம் இன்னும் எனக்குப் போகல. அது வீட்டுல காதுல விழுந்த பேச்சு, வீட்டுக்கு வாட்ஸ்அப் குரூப்ல இருந்து வந்த பேச்சு.

உங்க பயம் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். பழைய ஸ்கூல்ல அடிதடி, மிரட்டல்னு பிரச்சனை ஆன பிள்ளை நம்ம கிளாஸ்ல வந்து உக்காந்தா எந்தப் பெத்தவங்களுக்கும் பக்குனுதான் இருக்கும். அதனால நாங்க என்ன செய்றோம்னு நீங்க தெரிஞ்சுக்கணும்.

டி.சி.ல நடத்தைன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல "நன்று"ன்னு ஒரே வார்த்தை, அதை மட்டும் நம்பி நாங்க யாரையும் சேர்க்கறதில்ல. பழைய ஸ்கூல் தலைமையாசிரியர்கிட்ட நானே பேசுவேன், என்ன நடந்துச்சு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, யாரு பேசினா பிள்ளை அடங்குச்சுன்னு கேப்பேன். கடைசிக் கேள்விக்குக் கிடைக்குற பதில்தான் எங்களுக்கு ரொம்ப உதவும். அப்புறம் பெத்தவங்க, பிள்ளை, கவுன்சிலர், கிளாஸ் டீச்சர் எல்லாரும் ஒண்ணா உக்காந்து ஒரு சேஃப்டி பிளான் எழுதுவோம்: தினமும் காலையில அந்தப் பிள்ளை யாரைப் பாத்துட்டு கிளாசுக்குப் போகணும், கோபம் வந்தா எங்க போய் உக்காரலாம், எதைச் செஞ்சா உடனே வீட்டுக்குப் போன் வரும்னு. முதல் ஆறு வாரம் வாராவாரம் அதை எடுத்துப் பாப்போம். சண்டை பாடம் நடக்குறப்ப வர்றதை விட மாடிப்படி, பாத்ரூம், பஸ் ஏறுற இடம் இங்கதான் அதிகம் வரும், அதனால அங்கெல்லாம் கூடுதலா ஒரு டீச்சர் நிப்பாங்க. ஆயுதமோ பலத்த காயமோ சம்பந்தப்பட்டிருந்தா மனநல நிபுணர் பாத்துச் சொன்ன பிறகுதான் கிளாஸ். பாதிக்கப்பட்ட பிள்ளை நம்மகிட்ட படிச்சா ரெண்டு பேரும் ஒரே செக்ஷன்ல இருக்கவே மாட்டாங்க.

புதுசா வந்திருக்குற அந்தப் பையன் முதல் நாள் முழுக்க தோள்ல இருந்து பையை இறக்கவே இல்ல, சாப்பிடும்போதும் மாட்டிக்கிட்டேதான் இருந்தான், எப்ப வேணா கிளம்பச் சொல்லிடுவாங்கன்னு நினைச்ச மாதிரி.

கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன், மன்னிக்கணும். ஒரு சின்னப் பையன் போட்டோவும் அவன் பழைய ஸ்கூல் பேரும் குரூப்ல சுத்துது, இன்னைக்கே அழிச்சிடுங்க. 1989-ல ஐ.நா. கொண்டு வந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கைல 28-வது பிரிவு எல்லாப் பிள்ளைக்கும் படிக்கிற உரிமை இருக்குன்னு சொல்லுது, 16-வது பிரிவு அந்தப் பிள்ளையோட அந்தரங்கத்தையும் பேரையும் கெடுக்கக் கூடாதுன்னு சொல்லுது. "அவனை அனுப்பிடுங்க"ன்னு கையெழுத்து வாங்கிட்டு வந்தாலும் நான் அனுப்பப் போறதில்ல, அவன் ஃபைல்ல என்ன இருக்குன்னும் சொல்லப் போறதில்ல. உங்க பிள்ளை ஃபைலையும் நான் இதே மாதிரிதான் பூட்டி வெச்சிருக்கேன்.

சேர்க்கும்போது பழசை மறைக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. முன்னாடியே தெரிஞ்சா நாங்க தயாரா இருப்போம், பிரச்சனை வெடிச்ச பிறகு தெரிஞ்சா அடி வாங்குறது வேற ஒரு பிள்ளை. தயவுசெஞ்சு சொல்லிடுங்க, சொன்னதுக்காக மட்டும் யாருக்கும் இங்க அட்மிஷன் மறுத்ததில்ல.

உங்க பிள்ளையை யாராவது மிரட்டினா, தொட்டா, அன்னைக்கே எனக்கு நேரா போன் பண்ணுங்க, யாரு பிள்ளைன்னு பாக்காம விசாரிப்பேன். குரூப்ல இதை நிறுத்தச் சொல்லிப் பேசின ரெண்டு அம்மாக்களுக்கும், பயத்தை நேர்ல வந்து மனசு விட்டுச் சொன்ன அப்பாக்களுக்கும் ரொம்ப நன்றி. சாயங்காலம் நாலுல இருந்து அஞ்சு வரைக்கும் ரூம்லதான் இருப்பேன், வாங்க, பேசலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்