பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமல் திருப்பித் தாருங்கள்

அனுப்புநர்:
கர்நாடக இசை ஆசிரியை,
கும்பகோணம், தஞ்சாவூர் மாவட்டம்.
(வாடிக்கையாளர் எண்ணும் முழு முகவரியும் இணைப்பில் உள்ளன)

பெறுநர்:
தமிழ்நாட்டுக்கான நோடல் அதிகாரி அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
டிடிஎச் நிறுவனம், சென்னை.

பொருள்: டிவி நிகழ்ச்சிகளைப் பதியும் ரெக்கார்டர் பெட்டியின் ஹார்ட் டிஸ்க்கை 500 ஜிபியிலிருந்து 1 டிபியாக மாற்றியதில் பதிவுகள் போனது, பொருந்தாத டிஸ்க் மாட்டப்பட்டது, பழைய டிஸ்க்கைத் திருப்பிக் கேட்பது.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் என் வீட்டு ரெக்கார்டரிலிருந்து கழற்றி எடுத்துப்போன 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் உங்கள் சர்வீஸ் சென்டரிலோ கிடங்கிலோதான் இருக்க வேண்டும். அதை யாரும் ஃபார்மேட் செய்யக் கூடாது, வேறு பெட்டியில் மாட்டவும் கூடாது. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் அங்கே ஒரு போன் போட்டு இதைச் சொல்லிவிடுங்கள். டிஸ்க்கின் சீரியல் எண் தெரியும்படி எடுத்த படம் இணைப்பில் இருக்கிறது. மீதியை அதற்கப்புறம் படித்தாலும் பரவாயில்லை.

நடந்தது இதுதான். பெட்டியில் இடம் தீர்ந்துகொண்டே வந்தது. புதிதாக ஒரு கச்சேரியைப் பதிய வேண்டுமென்றால் பழையதில் ஒன்றை அழிக்க வேண்டிய நிலை. அந்தச் சமயத்தில்தான் பழைய ரெக்கார்டர்களுக்கு 1 டிபி டிஸ்க் மாற்றித் தருவதாக உங்களிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. உடனே பணம் கட்டவில்லை. வாடிக்கையாளர் மையத்துக்குப் பேசி, "இப்போது இருக்கிற பதிவுகள் எல்லாம் என்ன ஆகும்?" என்று நேராகவே கேட்டேன். "பெட்டியும் அதில் சொருகியிருக்கும் சந்தா கார்டும் மாறாது மேடம், அதனால் பதிவுகள் அப்படியே இருக்கும், புது டிஸ்க்குக்கு மாற்றித் தருவார்கள்" என்று பதில் வந்தது. அதை நம்பித்தான் பணம் கட்டினேன். உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் பதிவு செய்யப்படுவதாகத் தொடக்கத்திலேயே அறிவிக்கிறீர்கள். பணம் கட்டுவதற்கு முன் நான் பேசிய அந்த அழைப்பை எடுத்துக் கேளுங்கள். நான் கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும் அதில் இருக்கும்.

டெக்னீஷியனாக வந்தவர் மரியாதையான பையன். பெட்டியைத் திறந்தார், பழைய டிஸ்க்கைக் கழற்றினார், புதியதை மாட்டினார், ஆன் செய்தார். ஃபார்மேட் செய்யவா என்று திரையில் கேள்வி வந்தது, ஆம் என்று அழுத்தினார். அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. பதிவுகள் பக்கத்தைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. "மாற்றித் தருவதாகச் சொன்னார்களே தம்பி" என்றேன். தனக்குக் கொடுத்த வேலைச் சீட்டில் டிஸ்க் மாற்றம் என்று மட்டுமே போட்டிருக்கிறது, காப்பி எடுக்கும் கருவி எதுவும் தன்னிடம் கொடுக்கவில்லை என்றார். பழையதையே திரும்ப மாட்டினால் வருமா என்று கேட்டேன், வரும் என்றார். அப்படியானால் அதை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். கழற்றின டிஸ்க்கைத் திரும்ப ஒப்படைக்காவிட்டால் தன் கணக்கில் பிடித்துவிடுவார்கள் என்றார். அவருடைய சம்பளத்தில் கை வைக்கச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கொடுத்தனுப்பினேன். இந்தக் கடிதத்தை வைத்து அவர் மேல் நடவடிக்கை எதுவும் எடுத்துவிடாதீர்கள். சொன்னதைச் செய்து காப்பாற்றுவதற்கான கருவியை அவர் கையில் கொடுத்திருக்க வேண்டியது உங்கள் நிறுவனம்.

அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் மையத்தில் பேசியவர்கள் ஏதோ நாலு சீரியல் போய்விட்டது போலப் பேசினார்கள், அதனால் சொல்கிறேன். ஆண்டுதோறும் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நடக்கும்போது பஞ்சரத்ன கீர்த்தனைகளை நேரடியாக ஒளிபரப்புவார்கள். அந்த ஒளிபரப்பை ஆண்டுவாரியாகப் பதிந்து வைத்திருந்தேன். 23 ஆண்டுகளுக்குப் பிறகு 2020 பிப்ரவரி 5 அன்று தஞ்சைப் பெரிய கோயிலில் நடந்த குடமுழுக்கின் நேரலை இருந்தது. மார்கழிக் கச்சேரிகள் இருந்தன. என்னிடம் படித்த பிள்ளைகள் நவராத்திரிக்கு டிவியில் பாடிய நிகழ்ச்சியும் அதில்தான் இருந்தது. அந்தப் பிள்ளைகளின் வீட்டில் யாரிடமும் வேறு பிரதி கிடையாது.

இவற்றைப் பொழுதுபோக்குக்காக மட்டும் வைத்திருக்கவில்லை. வகுப்பில் பயன்படுத்துகிறேன். பஞ்சரத்னத்தில் ஐந்து ராகங்கள்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. வராளியைக் குரு சீடனுக்கு நேராகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. என் குருவும் எனக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை, நான் கேட்டுக் கேட்டுத்தான் பிடித்துக்கொண்டேன். என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். வராளியில் அமைந்த 'கனகனருசிரா' வரும்போது ரிமோட்டில் பத்து வினாடி பின்னுக்குத் தள்ளி அந்த ஒரு பிடியை மறுபடி மறுபடி கேட்கவிடுவேன். வராளியின் மத்யமம், அதாவது 'ம' ஸ்வரம், மற்ற ராகங்களில் வரும் பிரதி மத்யமத்தைவிட (உயர்ந்த 'ம'வைவிட) கொஞ்சம் ஏறி, பஞ்சமம் என்ற 'ப'வை ஒட்டி நிற்கும். அதை வாயால் விளக்கிப் புரியவைக்க முடியாது, காதுதான் பிடிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான வித்வான்கள் ஒன்றாக உட்கார்ந்து பாடும்போது அந்த ஸ்வரம் எப்படி நிற்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட எனக்கிருந்த பாடப்புத்தகம் அந்தப் பதிவுதான்.

"அதெல்லாம் யூடியூபில் கிடைக்கும் மேடம்" என்று உங்கள் மையத்தில் ஒருவர் சொன்னார். சில கிடைக்கின்றன, பல கிடைக்கவில்லை. பஞ்சரத்னத்தைத் தேடினால் நடுவில் வெட்டிப் போட்ட துண்டுகள் வருகின்றன. ஆரம்பத்தில் புல்லாங்குழலில் பைரவி வாசிப்பதிலிருந்து கடைசிக் கீர்த்தனையான 'எந்தரோ மகானுபாவுலு' முடியும்வரை முழுசாக, நல்ல ஒலியோடு, ஆண்டுவாரியாக என்னிடம் இருந்தது. இழப்புக்கு ஈடாகச் சில மாதங்களுக்கு ஓடிடி சந்தா இலவசமாகத் தருவதாகவும் சொன்னார்கள். எனக்கு அது வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

இதில் செய்ய முடியாத காரியம் என்று எதுவும் கிடையாது. என் அக்கா மகன் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான், அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெட்டி பதியும் படம் பூட்டப்பட்டுத்தான் டிஸ்க்கில் உட்காருகிறது. அதைத் திறக்கும் சாவி டிஸ்க்கில் இல்லை, பெட்டியும் கார்டும் சேர்ந்துதான் திறக்கின்றன. அதனால் என் டிஸ்க்கை நீங்கள் வேறு யார் பெட்டியில் மாட்டினாலும் ஒரு நொடிப் படம்கூட வராது. என் பெட்டியில் மட்டும்தான் வரும். பூட்டைத் திறக்காமலேயே பழைய டிஸ்க்கில் இருப்பதை ஒரு பிட் விடாமல் புதிய டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுக்க முடியும். இதற்கென்று இரண்டு டிஸ்க்கைச் சொருகும் சின்ன டாக் கடைகளில் விற்கிறது. வினாடிக்கு 100 எம்பி வேகத்தில் போனால் 500 ஜிபியை நகல் எடுக்க ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் ஆகும். டெக்னீஷியன் வந்த அன்று அதைச் செய்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

அடுத்தது புதிய டிஸ்க். கழற்றியதையும் மாட்டியதையும் டெக்னீஷியன் டீப்பாயில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தபோது இரண்டையும் படம் எடுத்திருந்தேன். பழையது டிவி ரெக்கார்டருக்கென்றே தயாரிக்கிற, மெதுவாகச் சுற்றுகிற ரகம். புதியது சாதாரண டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கானது, லேபிளில் 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 சுற்று) என்று போட்டிருக்கிறது. இரண்டுக்கும் விலையில் மட்டும் வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் டிஸ்க்கில் எங்காவது ஓரிடத்தில் படிப்பதில் தகராறு வந்தால், ஒரு எழுத்துகூடத் தவறக் கூடாது என்று அது திரும்பத் திரும்ப முயன்றுகொண்டு நிற்கும். கணக்கு வழக்குக்கு அதுதான் சரி. ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவுக்கு அது ஆகாது. ரெக்கார்டர் ரக டிஸ்க் சட்டென்று விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும், பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு புள்ளி தவறியதுகூடத் தெரியாது. அதோடு, நாம் எதையும் பதியாத நேரத்திலும் பின்னோக்கிப் பார்க்கும் வசதிக்காகப் பெட்டி ஓயாமல் டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கிறது. இரண்டு சேனலைப் பதிந்துகொண்டு மூன்றாவதாகப் பழைய பதிவைப் பார்த்தால் ஒரே நேரத்தில் மூன்று வேலை.

இது எப்படித் தெரிகிறது என்றால், இரண்டு கச்சேரி ஒரே நேரத்தில் பதிவாகும்போது படம் கட்டம் கட்டமாக உடைகிறது, ஒலி அரை வினாடி அறுந்து மறுபடி வருகிறது. சினிமாவில் அரை வினாடி போனால் தெரியாது. ஆலாபனையில் அரை வினாடி போனால் அந்தச் சங்கதியே போய்விடும். பெட்டியின் மேல் கை வைத்தால் பழைய டிஸ்க் இருந்தபோது இல்லாத சூடு. ராத்திரி வீடு அடங்கிய நேரத்தில் உள்ளிருந்து கரகரவென்று சத்தம் கேட்கிறது.

இதைப் புகார் செய்தபோது மழையால் சிக்னல் குறைந்திருக்கும் என்று பதில் வந்தது. மழை கொட்டினால் டிடிஎச் படம் போகும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் வீட்டில் அதே டிஷ்ஷிலிருந்து வயர் இழுத்த இன்னொரு சாதாரண பெட்டி மாமியார் அறையில் இருக்கிறது. அதே சேனல், அதே நேரம், அங்கே படம் சுத்தமாக வருகிறது. ரெக்கார்டரில் சிக்னல் அளவைப் பார்த்தாலும் முன்பிருந்த அதே அளவுதான். உடைந்து பதிவான படத்தையும் பக்கத்து அறையின் நல்ல படத்தையும் சேர்த்து எடுத்த வீடியோவை இணைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. 1 டிபி மாட்டியும் பெட்டி அதில் பாதியைத்தான் கண்டுகொள்கிறது போலிருக்கிறது. எச்டி நிகழ்ச்சி வினாடிக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 3.6 ஜிபி ஆகும். பின்னோக்கிப் பார்ப்பதற்கும் உங்கள் விளம்பரப் படங்களுக்கும் பெட்டி ஒதுக்கிக்கொள்ளும் இடத்தைத் தாராளமாகக் கழித்தாலும், 1 டிபியில் 200 மணி நேரத்துக்கு மேல் கொள்ள வேண்டும். இப்போது பதிந்திருப்பதற்குப் பெட்டி காட்டும் சதவீதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் பழைய 500 ஜிபி அளவுதான் வருகிறது. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்காமல் டிஸ்க்கை மட்டும் மாற்றினீர்களா என்பதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். பழைய டிஸ்க்கை இருக்கிற நிலையிலேயே கொண்டுவந்து, என் கண் முன்னால் என் பெட்டியில் மாட்டி, பதிவுகள் வருகின்றனவா என்று காட்ட வேண்டும். வந்தால், ரெக்கார்டருக்கான ரகத்தில் நல்ல 1 டிபி டிஸ்க்கில் அவற்றை நகல் எடுத்து, முழு அளவும் பயன்படும்படி மென்பொருளைச் சரிசெய்து மாட்டித் தர வேண்டும். உங்களால் அது முடியாது என்றால் பழைய டிஸ்க்கையே பெட்டியில் விட்டுவிட்டுக் கட்டிய பணத்தை முழுவதும் திருப்பித் தாருங்கள், இடப் பற்றாக்குறையை நான் சமாளித்துக்கொள்கிறேன். டிஸ்க் ஏற்கெனவே அழிக்கப்பட்டிருந்தால் எந்தத் தேதியில், யார் சொல்லி அழிக்கப்பட்டது என்பது எழுத்தில் வேண்டும். போனில் சொல்வது எனக்குப் போதாது.

இந்த டிஸ்க் மாற்றும் திட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நேற்றுகூடத் தெரிந்தவர் ஒருவருக்கு அதே குறுஞ்செய்தி வந்திருக்கிறது. குழந்தையின் டிவி நிகழ்ச்சியையோ ஊர்த் திருவிழா நேரலையையோ அழிக்க மனமில்லாமல்தான் பலர் பெரிய டிஸ்க்குக்குப் பணம் கட்டுவார்கள். நகல் எடுக்க ஏற்பாடு ஆகும்வரை, பழைய பதிவுகள் போய்விடும் என்ற ஒரு வரியை அந்தக் குறுஞ்செய்தியிலேயே சேர்த்துவிடுங்கள். கழற்றிய டிஸ்க்கையும் வாடிக்கையாளரிடமே கொஞ்ச நாள் இருக்க விடுங்கள். எனக்கு இதைச் செய்து தருவது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இதுவும்.

வாடிக்கையாளர் மையத்தில் புகார் செய்து எண் வாங்கி, அங்கே தீராததால்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி நோடல் அதிகாரியான உங்களுக்கு எழுதுகிறேன். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனு கொடுப்பேன். பல வருடமாக ஒரு மாதம்கூட ரீசார்ஜ் தவறாமல் உங்கள் வாடிக்கையாளராக இருந்திருக்கிறேன், அங்கே வந்து நிற்க எனக்கும் விருப்பமில்லை.

ஆள் அனுப்புவதாக இருந்தால் காலையிலிருந்து பிற்பகல் 3 மணிக்குள் அனுப்புங்கள். அதற்கு மேல் வகுப்பு தொடங்கிவிடும். வருபவரிடம் பழைய டிஸ்க்கைக் கொடுத்தனுப்பியதை முன்கூட்டியே உறுதி செய்துவிட்டு எனக்குப் பேசுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்,
கும்பகோணம்.