செல்விக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள செல்விக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்போலத்தான். மாடி வீட்டு விவகாரம் முடிந்துவிட்டது. சித்தப்பா போனில் சொல்லியிருப்பான். வேலை வேலை என்று கிடக்காமல் கண்ணைப் பார்த்துக்கொள்.

கண் அழுத்த நோய்க்கு (கிளாகோமா) செய்யும் லேசர் பற்றி நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். 1979இல் ஆர்கான் லேசரைக் கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் சல்லடையில் பாய்ச்சியவர்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் பத்தில் ஒரு பங்கு நொடி எடுத்துக்கொண்டார்கள். அந்த இடம் வெந்து தழும்பானது. பிறகு லட்டினா என்ற கண் டாக்டர் கொண்டுவந்த முறையில் லேசர் துடிப்பு மூன்று நானோநொடிதான். நிறமியுள்ள செல்கள் மட்டும் ஒளியை வாங்கிக்கொள்கின்றன. பக்கத்துச் செல்லுக்குச் சூடு பரவ நேரமே இல்லை. தோசைக்கல்லைத் தொட்டவுடன் விரலை எடுப்பதற்கும் அழுத்திப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். வெப்பக் கடத்தல் பாடம் நடத்திய காலத்தில் இது தெரியாமல் போயிற்றே!

இப்போது நீங்கள் செய்வது, கண்மேல் லென்ஸ் வைக்காமல், வெளியிலிருந்தே கருவிழி ஓரத்தைச் சுற்றிப் பாய்ச்சும் கருவி. கண் அசைந்தால் குறியைத் திருத்தும் பகுதி உன்னுடையது. சரிதானே? லென்ஸ் பிடித்துச் செய்யப் பழகிய டாக்டர் இல்லாத ஊருக்கும் இது போய்ச் சேரும். தபால்காரரிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

2019இல் வந்த லண்டன் ஆய்வை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் சிகிச்சையாகவே லேசர் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 74 பேருக்கு மூன்று ஆண்டு கழித்தும் சொட்டு மருந்து தேவைப்படவில்லையாம். எனக்கும் செய்துவிடலாம் என்கிறாள். அடுத்த முறை மதுரை போகும்போது கேட்கிறேன். ஆனால் லேசர் அழுத்தத்தைத்தான் குறைக்கும். போன பார்வை போனதுதான். அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பொங்கலுக்கு வந்தபோது பட்டாசல் படியில் இடறினாய். புடவை தடுக்கியது என்றாய். அன்று நீ சுடிதார் போட்டிருந்தாய், செல்வி. உன் தாத்தாவும் முதலில் அந்தப் படியில்தான் இடறினார். வேட்டி தடுக்கியது என்றார்.

"சொட்டு விட்டீர்களா அப்பா" என்று தினமும் கேட்கிறாய். நான் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறாய். நாற்பது வயது ஆகட்டும் என்கிறாய். இந்த நோய் தாத்தாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது. குடும்பத்தில் இருந்தால் நாற்பது வரை காத்திருக்கக் கூடாது என்று சொல்வது உங்கள் துறைக்காரர்கள்தானே? ஊரார் கண்ணுக்கு லேசர் செய்கிறவள் தன் கண்ணை யாரிடமும் காட்டவில்லை என்றால் அதை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? பயமா? பயம் என்றால் சொல், நான் கிளம்பி வருகிறேன். விசா எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

இந்த மாதத்துக்குள் பார்த்துவிடு. "அழுத்தம் 16, எல்லாம் நார்மல்" என்று ஒரு வரி அனுப்பித் தப்பிக்காதே. அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கெடலாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். பக்கவாட்டுப் பார்வையையும் அளக்கும் பார்வைப் புலச் சோதனை, இரண்டு கண்ணுக்கும். அறிக்கைத் தாளையே படம் எடுத்து அனுப்பு. தேதி தெரியும்படி எடு.

அன்புடன்,
அப்பா