கங்காணி ஐயாவின் தேத்தண்ணி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நாலு நாளாக விடாத மழை, கொழுந்தெல்லாம் ஈரம்.

"சூப்பர்வைசர் ஆனதிலிருந்து ஆபீஸில் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் மதிக்கமாட்டார்கள்" என்றாய். ஊர் கேட்டால் தேயிலைத் தோட்டம் என்று சொல்லாமல் நுவரெலியா டவுன் என்று சொல்லி வைத்திருப்பதாகவும் சொன்னாய். கோபம் இல்லை. ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணியான புதிதில் எனக்கு முன்பிருந்தவரின் குரலைத்தான் கடன் வாங்கினேன். அதே தடி, அதே ஏச்சு. இதேபோல ஒரு மழைநாள். கொழுந்து பறிக்கும் நிரையில் உன் அப்பாயியும் நின்றாள். கூடையில் முற்றின இலை கிடந்தது. எல்லோருக்கும் முன்னால் கூடையைக் கவிழ்த்து, "கிழவி, கண் தெரியலையா?" என்றேன். பெற்ற தாயை. அவள் ஒன்றும் பேசவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நிரை முழுக்க சத்தமே இல்லை.

அந்தி வீட்டுக்கு வந்தேன். கோப்பையை நீட்டி, "கங்காணி ஐயா, தேத்தண்ணி" என்றாள். நாலு நாள் அப்படியேதான் கூப்பிட்டாள்.

ஐந்தாம் நாள் தடி அடுப்புக்குப் போனது. நான் இயல்பில் மெதுவாகப் பேசுகிறவன், அப்படியே பேசினேன். அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட வேண்டிய நாளில் போடத்தான் செய்தேன். ஆனால் ஏன் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். கொழுந்து கூடியது என்று பொய் சொல்லமாட்டேன். முதல் மாதம் குறைந்தது, தோட்டத்துத் துரையிடம் ஏச்சும் வாங்கினேன். அப்புறம்தான் முற்றின இலையைப் பெண்களே பொறுக்கி வீசத் தொடங்கினார்கள்.

ஊரை மறைப்பது எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். 1948இல் இலங்கையில் சட்டம் போட்டு, தோட்டத்துத் தமிழரான நம்மவர்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு வழி திறக்க 2003 ஆனது. உன் தாத்தா அதுவரை இருக்கவில்லை. எந்த ஊர் என்று யாராவது கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும் பரம்பரை நாம்.

வெளியாளைத் தோட்டத்துக்குள் விடாத காலத்தில், தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய நடேசய்யர் துணி வியாபாரி வேஷத்தில் நுழைந்தார் என்பார்கள். வாசலைத் தாண்டத்தான் அந்த வேஷம். உள்ளே வந்து சங்கத்தைப் பற்றித்தான் பேசினார். நீ வாசலைத் தாண்டி எத்தனை நாளாகிறது மகள்?

சரி, தீபாவளிக்கு உன்னோடு வேலை செய்யும் பிள்ளையும் வருவதாகச் சொன்னாயே. டவுனில் ரூம் எடுக்க வேண்டாம், நம் லயத்து வீட்டுக்கே கூட்டி வா. பாய் இருக்கிறது, அம்மா ரொட்டி சுடுவாள். கக்கூஸ் வெளியில்தான் என்பதை மட்டும் முன்னமே சொல்லி வை. ஹட்டனில் இறங்கியதும் போனில் கோல் எடு. மேல் ரோடு உடைந்து கிடக்கிறது, ஆட்டோ கோயிலடி மட்டும்தான் வரும். குடையோடு வந்து நிற்கிறேன்.

அப்பா