கடன் உச்சவரம்பை எடுத்துவிடுங்கள்: அமெரிக்கக் காங்கிரஸுக்கு ஒரு திறந்த மடல்

பிரதிநிதிகள் சபை, செனட் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தில், அரசு மொத்தம் எவ்வளவு கடன் வைத்திருக்கலாம் என்ற கடன் உச்சவரம்பை 5 லட்சம் கோடி டாலர் உயர்த்தி, 41.1 லட்சம் கோடியில் வைத்தீர்கள். அடுத்த முறை அந்த எண்ணை உயர்த்த வேண்டாம். எண்ணையே சட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கஜானா காலியாகும் வாரத்தில் இதைக் கேட்டால் இதுவும் உங்கள் பேரத்தில் ஒரு சரக்காகிவிடும் என்பதால்தான் இப்போதே கேட்கிறோம்.

எவ்வளவு செலவு, எவ்வளவு வரி என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். இடையில் விழும் துண்டுதான் கடன். துண்டு விழும்படி பட்ஜெட் போட்டுவிட்டு, கடன் வாங்கலாமா என்று தனியாக இன்னொரு வாக்கெடுப்பு எதற்கு? 1917-ல் போருக்குப் பணம் திரட்டியபோது, கருவூலம் அதிகச் சுதந்திரத்துடன் பத்திரம் வெளியிடுவதற்காக வந்த ஏற்பாடு இது. 1939-ல் மொத்தக் கடனுக்கும் 4,500 கோடி டாலர் என்று ஒரே வரம்பு வைத்தார்கள். 1960-க்குப் பிறகு இரு கட்சி அதிபர்களின் காலத்திலுமாக எழுபது முறைக்கு மேல் அதை மாற்றியாயிற்று.

வரம்பு முட்டியதும் கருவூலம் செய்வது சாமர்த்தியமான கணக்கு வேலை. அரசு ஊழியர் சேமிப்புத் திட்டத்தின் ஜி ஃபண்டில் உள்ள பத்திரங்கள் தினமும் முதிர்ந்து, தினமும் மறுமுதலீடாகின்றன. அவையும் வரம்புக்குள் சேர்த்தி. மறுமுதலீட்டை நிறுத்தினால் அந்த அளவுக்குச் சந்தையில் கடன் வாங்க இடம் கிடைக்கிறது. ஓய்வூதிய நிதியிலும் இதே உத்திதான். வரம்பு உயர்ந்ததும் வட்டியோடு ஈடுகட்டிவிடுவதால் ஊழியருக்கு நஷ்டமில்லை. ஆனால் இந்த உத்திகள் எந்த நாளில் தீரும் என்பது வரி வரவைப் பொறுத்தது. 2023-ல் பேரிடர் காரணமாக கலிஃபோர்னியாவின் பெரும்பகுதிக்கு வரிக் கெடுவை அக்டோபர் வரை தள்ளிவைத்ததால், ஏப்ரல் வசூல் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது. ஜூன் 1 அன்று கையிருப்பு சுமார் 2,300 கோடி டாலர். ஜூன் 3 அன்றுதான் வரம்பை நிறுத்திவைக்கும் சட்டம் கையெழுத்தானது.

கையெழுத்தாகாமல் போயிருந்தால்? 'பத்திரக்காரர்களுக்கு முதலில் கொடுத்துவிடலாம்' என்று உங்களில் சிலர் எளிதாகச் சொல்கிறீர்கள். மாதத்துக்கு 8 கோடிக்கும் மேற்பட்ட பட்டுவாடாக்களை அந்தந்தத் தேதியில் கொடுக்கத்தான் கருவூலத்தின் கணினிகள் அமைந்திருக்கின்றன; யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று பிரிக்க அல்ல. பத்திர வட்டியும் அசலும் மத்திய வங்கியின் மின்னணுப் பரிமாற்ற அமைப்பான ஃபெட்வயர் என்ற தனிப் பாதையில் போவதால் அவற்றை மட்டும் முன்னால் தள்ள வழி உண்டு. அப்போது காத்திருப்பவர்கள் ஓய்வூதியக்காரர்களும் ராணுவச் சிப்பாய்களும்.

அசலைத் தர முடியாவிட்டால் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. முதிர்வு நாளை ஒரு நாள் தள்ளுவதாக முந்தைய இரவு 10 மணிக்குள் கருவூலம் அறிவித்தாக வேண்டும். தவறினால் அந்தப் பத்திரத்தை மறுநாள் ஃபெட்வயரில் கைமாற்ற முடியாது. அதை ஈடாக வைத்து ஒரு நாள் கடன் வாங்கியிருக்கும் வங்கிகளும் நிதியங்களும் நடுவழியில் மாட்டிக்கொள்ளும். அறிவித்தாலும், பணம் வரும்வரை இரவுதோறும் இதே கூத்து. 1979-ல் நீங்கள் தாமதித்ததும் கருவூல அலுவலகக் கருவிகள் பழுதானதும் சேர்ந்து, சிறு முதலீட்டாளர்களுக்குச் சுமார் 12 கோடி டாலர் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது நினைவிருக்கலாம்.

இழுபறிக்கும் விலை உண்டு. 2011-ல் தாமதத்தால் அந்த நிதியாண்டில் மட்டும் கடன் செலவு சுமார் 130 கோடி டாலர் கூடியது என உங்கள் தணிக்கை அலுவலகமே மதிப்பிட்டது. அந்த ஆகஸ்டில் கடன் தரமதிப்பீட்டு நிறுவனமான எஸ் அண்ட் பி உங்கள் தரமதிப்பைக் குறைத்தது. 2023 ஆகஸ்டில் இன்னொரு நிறுவனமான ஃபிட்ச். 2023 மே மாத இறுதியில், ஜூன் தொடக்கத்தில் முதிரும் சில குறுகிய காலப் பத்திரங்களின் வட்டி 7 சதவீதத்தைத் தாண்டியது. அந்த வட்டியைக் கட்டுவதும் உங்கள் வாக்காளர்கள்தான்.

வரம்பு ஒரு கடிவாளம் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. 2011-ல் செலவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த நெருக்கடியில்தான் பிறந்தது. ஆனால் 2013, 2015, 2018, 2019 என நான்கு முறை அதைத் தளர்த்தியதும் நீங்களே. கடன் பெருக்கம் உண்மையான கவலைதான். 2025 மே மாதம் மூடிஸ் தரமதிப்பைக் குறைத்தபோது காட்டிய காரணமும் அதுதான். அதற்கான இடம் வரிச் சட்டமும் ஒதுக்கீட்டுச் சட்டமும்.

செய்ய வேண்டியது: அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் 31-ஆம் தலைப்பின் 3101-ஆம் பிரிவிலுள்ள வரம்பை ரத்து செய்யுங்கள். மனம் வரவில்லையென்றால், 2011-ல் தற்காலிகமாக வைத்த முறையை நிரந்தரமாக்குங்கள்: அதிபர் உயர்த்துவார், வேண்டாமென்றால் காங்கிரஸ் எதிர்த் தீர்மானம் போடலாம். பட்ஜெட் தீர்மானம் நிறைவேறினாலே வரம்பு மசோதாவும் நிறைவேறியதாகக் கொள்ளும் கெப்ஹார்ட் விதியை 2023-ல் கைவிட்டீர்கள்; அதை மீட்டாலும் போதாது. அது பிரதிநிதிகள் சபைக்கு மட்டுமானது, செனட் வாக்களித்தே ஆக வேண்டும். கருவூலமே லட்சம் கோடி டாலர் நாணயம் அச்சிடுவது, அரசுக் கடனின் செல்லுபடியைக் கேள்வி கேட்கக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தத்தைக் காட்டி வரம்பை மீறுவது ஆகியவை நீதிமன்றத்தில் சோதிக்கப்படாத வழிகள்.

செனட்டில் விவாதத்தை இழுத்தடிக்க முடியாத பட்ஜெட் சமரச முறையில் தொகையை உயர்த்த 51 வாக்கு போதும். வரம்பையே நீக்குவது, பட்ஜெட்டோடு தொடர்பில்லாதவற்றை அந்த முறையில் சேர்க்கத் தடுக்கும் பேர்ட் விதிக்குள் அடங்குமா என்பது சர்ச்சை. ஆகவே சாதாரண முறையில் செனட்டில் விவாதத்தை முடிக்கத் தேவையான 60 வாக்குக்குத் தயாராகுங்கள். அடுத்து வரம்பு முட்டும் நாளில் எந்தச் சபை யார் கையில் இருக்கும் என்று இரு கட்சிக்கும் தெரியாது. அந்த 60 வாக்குகள் சேரக்கூடிய காலம் அது தெரியாதவரைதான்.