மரத் தரையைப் பெயர்க்காதீர்கள்: எங்கள் ஊர் உள்விளையாட்டரங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். அரங்கின் மரத் தரை முழுவதையும் பெயர்த்தெடுத்துவிட்டு, கான்கிரீட் போட்டு, அதன்மேல் சிந்தடிக் மேட் ஒட்டப்போவதாக அறிவிப்புப் பலகையில் படித்தேன். 18 வருடங்களாக அதே தரையில் காலை ஐந்தரை மணிக்குப் பிள்ளைகளுக்கு ஷட்டில் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அந்த உரிமையில் கேட்கிறேன், தயவுசெய்து அதைப் பெயர்க்காதீர்கள்.

தரை கெட்டுப்போயிருப்பதை நான் மறுக்கவில்லை. இரண்டாவது கோர்ட்டின் பின்கோட்டருகே ஒரு பலகை ஓரம் தூக்கி நிற்கிறது. அதற்கும் பக்கத்துப் பலகைக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகினால் விழாமல் நிற்கும். போன மாதம் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி பின்னால் ஓடி ஸ்மாஷ் அடிக்கப்போய், அதில் ஷூ நுனி தட்டி விழுந்தாள். நல்லவேளை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. அன்றிலிருந்து அந்தக் கோர்ட்டில் யாரையும் இறக்குவதில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரிதான். செய்யப்போவதுதான் தப்பாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

"இப்போது உலகம் முழுக்க மேட்டில்தானே சார் ஆடுகிறார்கள்?" என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். உண்மைதான். ஒலிம்பிக் ஆகட்டும், உலகப் போட்டி ஆகட்டும், டிவியில் நமக்குத் தெரிவது மேட்தான். ஆனால் அந்த மேட்டின் கனம் சில மில்லிமீட்டர். கால் வழுக்காமல் பிடித்துக்கொடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. உடம்பைத் தாங்குவது பெரும்பாலும் அதற்கு அடியில் மறைந்திருக்கும் மரத் தரை. அதே மேட்டைக் கான்கிரீட்டின் மேல் நேராக ஒட்டினால், பார்வைக்கு டிவியில் வருவது போலவே இருக்கும். மேலே இருந்து குதித்து இறங்குகிற காலுக்கு அது சிமெண்ட் தரைதான்.

நம் அரங்கில் ஒருமுறை ஓரப் பலகையைப் பிரித்தபோது குனிந்து பார்த்திருக்கிறேன். அடியில் ரப்பர் கட்டைகள், அவற்றின் மேல் மரச் சட்டங்கள், அதன்மேல் ஒட்டுப்பலகை, எல்லாவற்றுக்கும் மேலே தேக்கு. ஒரு பலகையின் ஓரத்தில் நீட்டியிருக்கும் நாக்கு அடுத்த பலகையின் ஓரத்தில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் புகுந்திருப்பதால், ஓரிடத்தில் விழும் எடையை அக்கம்பக்கத்துப் பலகைகளும் சேர்ந்து வாங்கிக்கொள்கின்றன. கால் இறங்கும்போது தரை கண்ணுக்குத் தெரியாத அளவு கீழே போய் மேலே வருகிறது, அவ்வளவுதான் விஷயம். இதை அளந்து பார்க்க முறை இருக்கிறது. இஎன் 14904 என்கிற ஐரோப்பியத் தர நிர்ணயப்படி, கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் உள்ளரங்கத் தரை குறைந்தது 25 சதவீத அதிர்ச்சியையாவது தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்காக மெத்தை போலவும் ஆகிவிடக் கூடாது. அமுங்குவது 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, பந்தும் கான்கிரீட்டில் எழும்புவதில் 90 சதவீதமாவது எழும்ப வேண்டும். இந்த இரண்டு பக்கமும் இடிக்காமல் நடுவில் நிற்பது மரத்துக்கு நன்றாக வரும்.

ஒரு மணி நேரப் பயிற்சியில் ஒரு பிள்ளை நூறு தடவைக்கு மேல் குதித்து இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் உடம்பின் எடையைப் போல் பல மடங்கு காலில் இறங்குகிறது. வளரும் வயதில் முட்டிச்சில்லுக்குக் கீழே எலும்பு இன்னும் முற்றியிருக்காது. அதிகம் குதித்தால் அந்த இடம் வீங்கி வலிக்கும். நான் சிமெண்ட் தரையில் ஆடி வளர்ந்தவன். இருபத்தேழு வயதிலேயே படி இறங்கும்போது கைப்பிடியைத் தேட ஆரம்பித்தேன். எல்லாவற்றுக்கும் சிமெண்ட்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மரத் தரைக்கு வந்த பிறகு என்னிடம் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகள் குறைந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, நல்ல தரை ஏன் கெட்டது? மழைக்காலத்தில் வீட்டு வாசல் கதவு இறுகிக்கொள்வது எல்லோருக்கும் தெரியும். மரம் ஈரத்தைக் குடித்தால் குறுக்குவாட்டில் உப்பும், நீளவாட்டில் அநேகமாக அசையாது. அமெரிக்காவில் கூடைப்பந்துத் தரைக்கு மேப்பிள் என்கிற மரத்தைப் போடுகிறார்கள். மேப்பிளோடு ஒப்பிட்டால் தேக்கு உப்புவதும் சுருங்குவதும் குறைவு. நம் ஊர்க் காற்றுக்குத் தேக்கைத் தேர்ந்தெடுத்தவர் விவரம் தெரிந்தவர். அவர் இன்னொன்றும் செய்திருந்தார். நான்கு சுவர் ஓரத்திலும் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டு, அதன்மேல் காற்று போக வழியுள்ள மரப்பட்டி அடித்திருந்தார். தரை உப்பும்போது நகர்ந்துகொள்ள அந்த இடம் வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் வெள்ளையடித்த சமயத்தில் அந்த மரப்பட்டியைக் கழற்றி, இடைவெளியைச் சிமெண்ட் கலவையால் அடைத்துவிட்டார்கள். எலி நுழைகிறதே என்று நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அந்த ஐப்பசியிலேயே தகரக் கூரையின் இணைப்பில் ஒழுகிய தண்ணீர் பலகைக்கு அடியில் இறங்கியது. அடிப்பக்கம் உப்பியது, மேல்பக்கம் காய்ந்து கிடந்தது, பலகைகள் கிண்ணம் போல் ஓரம் தூக்கின. நகரவும் இடமில்லை. இரண்டாவது கோர்ட் அப்படித்தான் போயிற்று. போதாததற்குத் தினமும் பக்கெட் தண்ணீரில் ஃபினாயில் கலந்து துடைக்கிறார்கள். துடைக்கும் அக்காவைக் குறை சொல்லவே மாட்டேன். அவரிடம் சொன்ன வேலையை அவர் சுத்தமாகச் செய்கிறார். உலர்ந்த மைக்ரோஃபைபர் துடைப்பான் இரண்டு வாங்கிக்கொடுத்தால் அவருக்கும் வேலை பாதியாகும்.

அப்புறம் விழாக்கள். இரும்பு நாற்காலியை இழுத்த இடங்களில் பாலிஷைக் கிழித்துக்கொண்டு பிறை பிறையாகப் பள்ளம் கிடக்கிறது. அரங்கை வாடகைக்கு விடாதீர்கள் என்று நான் கேட்கவில்லை, வருமானம் வேண்டும் என்பது புரிகிறது. தரைமேல் கம்பளமும் ஒட்டுப்பலகையும் விரித்த பிறகே நாற்காலியை உள்ளே விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணியின் தரை 1946இல் போட்டது. போர்க்காலத் தட்டுப்பாட்டில் நீளப் பலகை கிடைக்காமல் துண்டு துண்டான ஓக் கட்டைகளைச் சேர்த்துச் செய்தார்கள். அரங்கில் ஐஸ் ஹாக்கியும் நடந்ததால் அந்தத் தரையைக் கழற்றுவதும் மறுபடி பூட்டுவதுமாக இருந்தார்கள். அப்படியும் 1999 வரை அதில்தான் ஆடினார்கள். கழற்றி மாட்டிய தரையே ஐம்பது வருடம் தாண்டியிருக்கிறது.

முதலில் கூரை ஒழுகலை அடையுங்கள். சுவரோரச் சிமெண்ட்டைக் கொத்தியெடுத்து இடைவெளியைத் திறந்துவிடுங்கள். பிறகு சில வாரம் பொறுங்கள். அவசரப்பட்டு, பலகை தூக்கியிருக்கும்போதே மெஷின் போட்டு இழைத்துவிட்டால், ஈரம் காய்ந்ததும் ஓரம் தாழ்ந்து நடு புடைத்துக்கொள்ளும். இருக்கிற மரமும் வீணாகும். ஈரத்தை மீட்டர் வைத்து அளந்து, நிலையான பிறகு, சரியாகாத பலகைகளை மட்டும் மாற்றி, இழைத்து, பாலிஷ் போட்டால் போதும். மேட் வேண்டுமென்றால் அதன்மேல் தாராளமாக விரியுங்கள், நானே வரவேற்கிறேன்.

டெண்டர் விடுவதற்கு முன் ஒரு நாள் காலையில் வாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மூன்றாவது கோர்ட்டில் நின்று ஒருமுறை குதியுங்கள். அப்படியே வெளியே வந்து வராண்டா சிமெண்ட்டில் ஒருமுறை குதியுங்கள். ஐந்தரை மணிக்கு நானும் பிள்ளைகளும் அங்கே இருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் அரங்கில் காலைப் பயிற்சி நடத்தும் ஒருவன்