தோற்றால் லாபம் என்று விதியே சொன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேண்டுமென்றே தோற்கும் அணிகளைப் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் பேச்சு வீரர்களின் யோக்கியதையிலேயே நின்றுவிடுகிறது. போட்டி முறையை வகுத்தவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை. தோல்விக்குப் பரிசு வைத்துவிட்டு, தோற்றவர்களை மட்டும் தண்டிப்பது பாதி நியாயம்தான்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் நடந்ததைப் பார்ப்போம். பேட்மின்டன் இரட்டையரில் அதற்கு முந்தைய ஒலிம்பிக்கில் நேரடி நாக் அவுட். லண்டனில்தான் குழுச் சுற்று வந்தது. எந்தக் குழுவில் எந்த இடம் பிடித்தால் அடுத்து யாரோடு மோதல் என்பது முன்பே கட்டம் போட்டு வைக்கப்பட்டிருந்தது. மகளிர் பிரிவில் ஒரு சீன ஜோடி டென்மார்க்கிடம் எதிர்பாராமல் தோற்று இரண்டாமிடத்துக்கு இறங்கியது. கணக்கு அங்கேதான் புரண்டது. வேறு குழுவிலிருந்த இன்னொரு சீன ஜோடியும் அதன் எதிரணியான கொரிய ஜோடியும் காலிறுதிக்கு ஏற்கெனவே தகுதி பெற்றிருந்தன. கடைசி ஆட்டத்தில் வெல்பவருக்கு, டென்மார்க்கிடம் தோற்ற அந்தப் பலம்வாய்ந்த சீன ஜோடியை அரையிறுதியிலேயே சந்திக்கும் அபாயம். தோற்பவருக்கு இறுதி ஆட்டம் வரை அந்தக் கவலை இல்லை. சர்வீஸ்கள் வலையில் விழுந்தன, எளிய ஷாட்டுகள் கோட்டுக்கு வெளியே போயின, அரங்கம் கூச்சலிட்டது. அடுத்து வேறொரு கொரிய ஜோடியும் இந்தோனேசிய ஜோடியும் அதையே செய்தன. எட்டு வீராங்கனைகளும் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். 2016 ஒலிம்பிக்குக்கு முன் விதி மாறியது: இரண்டாமிடம் பெறும் ஜோடிகளுக்குக் குழுச் சுற்று முடிந்த பிறகே குலுக்கல். எதிராளி யாரென்று தெரியாதபோது தோற்பதில் என்ன லாபம்? இந்தச் சிறிய மாற்றத்தை நான்கு ஆண்டுகள் முன்பே செய்திருக்கலாம்.

இதைவிட விபரீதமான உதாரணம் 1994 கரீபியன் கோப்பைக் கால்பந்துத் தகுதிச் சுற்றில் உண்டு. கூடுதல் நேரத்தில் அடிக்கும் கோல் ஆட்டத்தை முடித்துவிடும், அது இரண்டு கோலாகவும் கணக்கில் சேரும் என்று ஒரு விதி. கிரெனடாவை இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் பார்படாஸ் முன்னேறலாம். ஆட்டம் முடியும் தறுவாயில் 2-1. இன்னொரு கோலுக்கு நேரம் போதாது என்று கண்ட பார்படாஸ், தன் வலையிலேயே சேம் சைடு கோல் போட்டு 2-2 ஆக்கிக் கூடுதல் நேரத்துக்கு வழி செய்தது. 3-2 என்று தோற்றாலும் வென்றாலும் கிரெனடாவுக்குப் போதும் என்பதால், அது இரு பக்கமும் கோல் அடிக்கப் பாய்ந்தது. பார்படாஸ் இரு பக்கக் கோல் கம்பங்களையும் காத்து, கூடுதல் நேரத்தில் வென்று முன்னேறியது. இதில் ஏமாற்றியவர் யார்? விதியை இவ்வளவு கவனமாகப் படித்தவர்களை என்னால் குற்றவாளி என்று சொல்ல முடியவில்லை.

வீரருக்குப் பொறுப்பே இல்லை என்று வாதிடவில்லை. தகுதிச் சுற்றில் ஓடும் ஓட்டக்காரர் கடைசி இருபது மீட்டரில் வேகத்தைக் குறைக்கிறார். யாரும் கோபப்படுவதில்லை, ஏனென்றால் அந்தச் சுற்றில் வேண்டிய இடத்தை அவர் பிடித்துவிட்டார். பலத்தைச் சேமிப்பது ஒன்று, தோல்வியைத் தேடிப் போவது வேறு. 2018 கால்பந்து உலகக் கோப்பையில் போலந்திடம் 0-1 என்று பின்தங்கியிருந்த ஜப்பான், மற்ற எல்லாவற்றிலும் தனக்குச் சமமாக நின்ற செனகலைவிடத் தன் மஞ்சள் அட்டைகள் குறைவு, அதனால் தானே முன்னேறலாம் என்பதை நம்பிக் கடைசி நிமிடங்களில் பந்தைச் சும்மா உருட்டியது இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதைப் பற்றி நேர்மையாகவே இருவிதமாக வாதிடலாம்.

அலுவலகங்களிலும் இதே கதைதான். ஒரு மணி நேரத்தில் முடித்த அழைப்புகளை மட்டும் எண்ணினால், சேவை மைய ஊழியர் சிக்கலான அழைப்பை அடுத்த பிரிவுக்குத் தள்ளிவிடுவார். மிச்சமான தொகை அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் கழிக்கப்படும் என்றால், நிதியாண்டு முடிவில் தேவையில்லாத நாற்காலிகள் வந்து இறங்கும். அவரவரைத் திட்டி இதைச் சரிசெய்ய முடியாது.

எனவே போட்டி நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். விதிகளை அறிவிக்கும் முன், கடைசிச் சுற்றின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வெற்றி, சமன், தோல்வி என எழுதி, ஒவ்வொன்றிலும் எந்த அணி எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். குறைந்த முடிவு எங்கேனும் நல்ல இடத்தைத் தந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது. குழுவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் தொடங்குங்கள். 1982 உலகக் கோப்பையில் அதே குழுவிலிருந்த அல்ஜீரியா முந்தைய நாளே ஆடி முடித்திருந்ததால்தான், 1-0 போதும் என்று மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் காலம் கடத்த முடிந்தது. மூன்று அணிக் குழுவைத் தவிருங்கள், கடைசி ஆட்டத்தில் ஓர் அணி கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டிவரும். 2026 உலகக் கோப்பைக்கு முதலில் அப்படித்தான் திட்டமிட்டு, பிறகு நான்கு அணிகள் கொண்ட 12 குழுக்களாக மாற்றினார்கள். அதிலும் ஓர் ஓட்டை மிச்சம்: மூன்றாமிடம் பெறும் அணிகளில் சிறந்த எட்டு முன்னேறும் என்பதால், கடைசி நாளில் ஆடும் குழுக்களுக்கு எத்தனை புள்ளி போதும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்